தாம்பரம் தாண்டினால் ஒரு டேடோனா!

உங்களுக்குத் தெரியுமா?

● வண்டலூர் என்றாலே குழந்தைகளுக்கு உயிரியல் பூங்காதான். அந்தப் பூங்கா திறந்தது 1985-ல். அதே வருஷம், அதே வண்டலூரிலிருந்து இன்னொன்றும் வெளியே வந்தது. 'ஸ்டாண்டர்டு 2000' என்ற கார். பக்கவாட்டில் நின்று பார்த்தால் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை கதவுகளின் நடுவே ஒரு பள்ளக்கோடு ஓடும். ஃபெராரி டேடோனா என்ற இத்தாலியக் கூபேயை மனதில் வைத்து இழுத்த கோடு அது. அந்தக் காரின் கதைக்குக் கொஞ்சம் பொறுத்து வருவோம். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன.

● 'கூபே' பிரெஞ்சுச் சொல். 'வெட்டியது' என்று பொருள். குதிரை வண்டிக் காலத்தில் எதிரும் புதிருமாக நான்கு பேர் உட்காரும் பெரிய வண்டியிலிருந்து ஒரு பக்க இருக்கையை வெட்டி எடுத்துவிட்டுச் சின்னதாகச் செய்ததற்கு இந்தப் பெயர் வந்தது. ஆள் குறைந்தால் எடை குறையும், எடை குறைந்தால் வேகம் கூடும். இன்றைக்குக் கோடிக்கணக்கில் விலை சொல்லும் ஸ்போர்ட்ஸ் கூபேக்கும் கணக்கு இதேதான்.

● 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' 1948-ல் தொடங்கியது. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் சேர்ந்த கூட்டு. முதலில் வந்தது 'வேன்கார்டு'. 1961-ல் வந்தது நம் தாத்தாக்கள் மறக்காத 'ஹெரால்டு'. பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியிருந்த அந்தத் தொழிற்சாலை நிலத்தில் இன்று ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. மின்சார ரயிலில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அங்கே கார் செய்தார்கள் என்று தெரியும்?

● ஹெரால்டு ஒரு குடும்பக் கார். ஆனால் அதன் ஆரம்ப முன்மாதிரி ஒரு கூபே! டூரின் நகரத்து ஜியோவானி மிக்கலோட்டி வரைந்தது. 1957 கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தக் கூபே கவன்ட்ரிக்கு வந்து சேர்ந்தது. 1959-ல் இங்கிலாந்தில் 'டிரையம்ஃப் ஹெரால்டு' என்ற பெயரில் இந்தக் கார் அறிமுகமானபோது கூபேயும் சலூனும் ஒன்றாகவே வந்தன. இந்தியா வந்தது சலூன்தான் என்றாலும் கோடுகள் அந்தக் கூபேயின் கோடுகள். பின்பக்கம் லேசாக மேலே எழும்பி நிற்கும் அந்த இரண்டு ஓரங்களைப் பார்த்தால் புரியும்.

● ஹெரால்டின் உடம்பு ஒரே துண்டு இல்லை. தனித்தனித் துண்டுகளை போல்ட் போட்டு ஒரு சேஸிஸ் மேல் பூட்டியது. அப்போது மற்ற கம்பெனிகள் சேஸிஸே இல்லாமல் முழு உடம்பையும் ஒன்றாக அழுத்தி ஒட்டும் முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டுக்கு உடம்பு அழுத்திக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. பெரிய பிரஸ் வேலைக்கு ஆள் இல்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் செய்து பூட்டினார்கள். நெருக்கடியில் பிறந்த இந்த முறை நம் ஊருக்கு வரப்பிரசாதமாக அமைந்தது. மோதி நசுங்கினால் அந்தத் துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம்.

● முடிச்சூர் பக்கம் ஒரு ஷெட்டில் பழைய ஹெரால்டு ஒன்றைப் பிரித்து வேலை பார்ப்பதை ஒரு மத்தியானம் பூராவும் நின்று பார்த்தேன். மெக்கானிக்குக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பக்கவாட்டில் இருந்த இரண்டு கொக்கிகளை விடுவித்து, பானெட்டைப் பிடித்து முன்பக்கமாகச் சாய்த்தார். பானெட் மட்டுமா வந்தது? மட்கார்டு, ஹெட்லைட், கிரில் எல்லாம் சேர்ந்து முன்பாதி முழுக்க ஒரே மூடியாக எழுந்து முன்னால் கவிழ்ந்தது. எஞ்ஜின், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில். அவர் குனியவே இல்லை. முன் டயர் மேல் ஒரு சாக்கை விரித்தார், ஸ்டூலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார், கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்தார்.

"இந்த மாதிரி உக்காந்து வேலை பாக்கிற வண்டி இனிமே வருமா சார்?" என்றார்.

ஜாகுவார் இ-டைப் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் பானெட் இப்படித்தான் முன்னால் கவிழும். அவருக்கு அதைச் சொன்னேன். "அப்படியா!" என்று சாவியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் காரின் படத்தை என் போனில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

● அதே ஷெட்டில் இன்னொன்றையும் பார்த்தேன். பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கியதும் இரண்டு பின்சக்கரங்களும், பறக்கிற கொக்கு காலை மடக்கிக்கொள்ளுமே, அதுபோல அடிப்பாகம் உள்பக்கமாக மடங்கித் தொங்கின. உடைந்துவிட்டதோ என்று நான் பதறினேன். உடையவில்லை. 'ஸ்விங் ஆக்சில்' என்ற அமைப்பின் குணமே அது. டிஃபரன்ஷியல் சேஸிஸோடு அசையாமல் இருக்கும். இரண்டு பக்கமும் நீளும் தண்டுகள் உள்முனையில் மட்டும் மடங்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதுக்குத் தெரியாது. சொகுசுதான். ஆனால் வளைவில் வேகமாகத் திருப்பும்போது பின்பக்கம் எழும்பினால், வெளிச்சக்கரம் உள்ளே மடங்கி ரோட்டுப் பிடிப்பை விட்டுவிடும். பின்பக்கம் வழுக்கிக்கொண்டு சுற்றும்.

1970-களில் ஹெரால்டை மாற்றி 'கெசல்' என்று நான்கு கதவுடன் கொண்டுவந்தபோது வண்டலூர்க்காரர்கள் இந்த ஸ்விங் ஆக்சிலையே எடுத்துவிட்டு ஒரே நீளத் தண்டாக 'லைவ் ஆக்சில்' போட்டார்கள். சொகுசு குறைந்தது, உறுதி கூடியது. இந்தியச் சாலையைத் தெரிந்தவர்கள் எடுத்த முடிவு. நான் அதைத் தாழ்வாகவே நினைக்க மாட்டேன்.

● ஹெரால்டு சேஸிஸின் நீளத்தைக் குறைத்துத்தான் இங்கிலாந்தில் 1962-ல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். ஹெரால்டின் முன் பின் சக்கர இடைவெளி 91.5 அங்குலம். ஸ்பிட்ஃபயரில் 83. அதற்குக் கூரை போட்டு, 2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்ஜினை வைத்து 1966-ல் 'ஜி.டி.6' என்ற கூபே வந்தது. அங்கேயும் ஸ்விங் ஆக்சில் தொல்லை கொடுத்தது. 1968-ல் பின் சஸ்பென்ஷனையே மாற்றினார்கள். நம் வண்டலூர் ஹெரால்டும் அந்தக் கூபேயும் எலும்புக்கூட்டில் பங்காளிகள்.

● வண்டலூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே, பரனூர் ஸ்டேஷனை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை இருக்கிறது. 2007-ல் தொடங்கியது. ஹெரால்டுக்கும் இதற்கும் என்ன உறவு? அதே மிக்கலோட்டிதான்! 1959-ல் பி.எம்.டபிள்யூ. நொடித்துப்போய் டெய்ம்லர்-பென்ஸ் கைக்குப் போகிற நிலையில் இருந்தது. அப்போது அதைத் தூக்கி நிறுத்தியவற்றில் ஒன்று 'பி.எம்.டபிள்யூ. 700' என்ற சின்னக் கார். அதை வரைந்தவர் மிக்கலோட்டி. அதுவும் முதலில் கூபேயாகத்தான் காட்டப்பட்டது. ஒரே மனிதரின் பென்சில் தொட்ட இரண்டு கம்பெனிகள், அரை நூற்றாண்டு இடைவெளியில், ஒரே ஜி.எஸ்.டி. சாலையில்.

● இப்போது டேடோனாவுக்கு வருவோம். அதன் முறையான பெயர் 'ஃபெராரி 365 ஜி.டி.பி./4'. 1968-ல் பாரிஸில் அறிமுகம். வரைந்தவர் பினின்ஃபரினா என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் லியோனார்டோ ஃபியோரவாந்தி. 4.4 லிட்டர், 12 சிலிண்டர், சுமார் 350 குதிரைத்திறன், மணிக்கு 280 கிலோமீட்டர். எஞ்ஜினை முன்னால் வைத்து கியர்பாக்ஸைப் பின்னச்சில் கொண்டுபோய் வைத்தார்கள், முன் பின் எடை சமமாக விழட்டும் என்று. தராசு மாதிரி.

இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் டேவிட் பாஷ் புதிய கார் ஒன்றை வடிவமைத்தபோது இந்தக் கூபேயையும், மசெராட்டி இண்டி என்ற இன்னொரு கூபேயையும் முன்னோடியாக எடுத்துக்கொண்டார். ஐந்து கதவு, ஐந்து பேர். ஆனால் தாழ்ந்த மூக்கு, பின்னால் ஒரே சரிவாக இறங்கும் கூரை, பக்கத்தில் அந்தப் பள்ளக்கோடு. எஞ்ஜினீயரிங் ஸ்பென் கிங் பொறுப்பு. 'ரோவர் எஸ்.டி.1' என்று 1976-ல் வந்தது, 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதையும் வாங்கியது. அலுமினியத்தில் செய்த 3.5 லிட்டர் வி8 எஞ்ஜின், 155 குதிரைத்திறன்.

அந்த உடம்புதான் 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' ஆக வண்டலூருக்கு வந்தது. வி8 வரவில்லை. அதன் இடத்தில் 1991 சி.சி. நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்ஜின், சுமார் 83 குதிரைத்திறன். நம் ரோட்டுக்காக உடம்பையும் சற்று உயர்த்தி வைத்தார்கள்.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். ஒரு கணக்கு சொல்கிறேன். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். ஆகவே 160-ல் ஓடுகிற காருக்குத் தாழ்ந்த மூக்கும் சரிந்த கூரையும் உயிர். அன்றைய ஜி.எஸ்.டி. சாலையில் லாரிக்குப் பின்னால் 60-ல் ஊர்ந்த காருக்கு அந்த வடிவத்தால் கிடைப்பது மிகக் கொஞ்சம். ஆனால் அந்தப் பெரிய உடம்பை சிக்னலுக்குச் சிக்னல் நின்ற இடத்திலிருந்து இழுக்கிற பாடு மட்டும் பாக்கி. பெட்ரோலும் குடித்தது, பாய்ச்சலும் இல்லை. 1988-ல் தயாரிப்பு நின்றது, தொழிற்சாலையும் போனது.

வடிவம் வேகத்துக்காக எழுதிய வாக்கியம். எஞ்ஜின் அந்த வாக்கியத்தின் வினைச்சொல். வினைச்சொல்லை மாற்றிவிட்டு அர்த்தம் மாறாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். எனக்கு இன்றும் மனம் தாங்காத விஷயம் இது.

● ஆனால் அந்த எஞ்ஜினைக் குறைத்துப் பேசவும் கூடாது. அது வேன்கார்டு காலத்து எஞ்ஜின் குடும்பம். இதே குடும்பம் இங்கிலாந்தில் ஃபெர்குசன் டிராக்டரில் உழவு ஓட்டியது. இதே 1991 சி.சி. அளவில் 'டிரையம்ஃப் டி.ஆர்.2' என்ற ஸ்போர்ட்ஸ் காரில் 90 குதிரைத்திறன் கொடுத்தது. 1953 மே மாதம் பெல்ஜியத்தின் ஜாபெக் நெடுஞ்சாலையில் அந்த டி.ஆர்.2 மணிக்கு 124 மைல், அதாவது சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக் காட்டியது. டிராக்டர், ரேஸ் கார், சொகுசுக் கார் மூன்றுக்கும் ஒரே எஞ்ஜின்! டி.ஆர்.2 எடை குறைந்த சின்னக் கார், அதனால் பறந்தது.

'வெட் லைனர்' என்பார்கள் இந்த வகையை. சிலிண்டர் தேய்ந்தால் எஞ்ஜின் பிளாக்கையே போரிங் போட வேண்டாம். ஸ்லீவை மட்டும் உருவி எடுத்துப் புதுசு செருகலாம். அந்த ஸ்லீவின் வெளிப்பக்கத்தைக் குளிர்விக்கும் நீர் நேராகத் தொட்டுக்கொண்டு ஓடும். கிணற்று உறையைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற மாதிரி.

● ரோவர் எஸ்.டி.1-ன் டேஷ்போர்டில் ஒரு கெட்டிக்காரத்தனம். மீட்டர்கள் எல்லாம் ஒரு பெட்டியில் அடங்கி டேஷ்போர்டு மேலே தூக்கி வைத்ததுபோல இருக்கும். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும் நாட்டுக்கு அந்தப் பெட்டியை அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். ஓட்டுநர் இல்லாத பக்கத்தில் காற்று வரும் துவாரமே, ஓட்டுநர் அந்தப் பக்கம் மாறினால் ஸ்டீயரிங் தண்டு நுழையும் துவாரமாகிவிடும். ஒரே அச்சில் இரண்டு உலகத்துக்கும் டேஷ்போர்டு.

● குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்றால் அப்துல் கலாம் படித்த விமானப் பொறியியல்தான் நினைவுக்கு வரும். சி. ராஜம் 1949-ல் அந்தக் கல்லூரியைத் தொடங்கியபோது நடத்திய முதல் பாடப்பிரிவுகளில் ஆட்டோமொபைல் பொறியியலும் ஒன்று. வண்டலூரில் கார் பூட்ட ஆரம்பித்த காலமும் அதுதான்.

● பெரும்பாலான கூபேகளைக் கதவைத் திறந்தே கண்டுபிடித்துவிடலாம். கண்ணாடியைச் சுற்றி உலோகச் சட்டம் இருக்காது. 2020 அக்டோபரில் அறிமுகமாகி, பரனூர் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையில் பூட்டப்பட்ட '2 சீரிஸ் கிரான் கூபே' நான்கு கதவுக் கூபே. நான்கிலும் சட்டம் இல்லை. கைப்பிடியை இழுத்த கணத்தில் கண்ணாடி சில மில்லிமீட்டர் கீழே இறங்கி ரப்பரிலிருந்து விடுபடும், கதவு மூடியதும் மேலே ஏறி ரப்பருக்குள் புகும். அடுத்த முறை அப்படி ஒரு கார் கண்ணில் பட்டால் கைப்பிடியைப் பார்க்காதீர்கள், கண்ணாடியின் மேல் விளிம்பைப் பாருங்கள்.

● கார் தொழிற்சாலைகளில் தினமும் கல்யாணம் நடக்கிறது! கீழே எஞ்ஜின், கியர்பாக்ஸ், அச்சுகள் எல்லாம் கோத்துத் தயாராக நிற்கும். மேலேயிருந்து பெயின்ட் அடித்த உடம்பு இறங்கி வந்து அதன் மேல் உட்காரும். இந்த இடத்துக்கு ஜெர்மனியில் 'கல்யாணம்' என்றே பெயர். ஆங்கிலத்திலும் 'மேரேஜ்'. 2015 ஏப்ரலில் சச்சின் டெண்டுல்கர் பரனூர் தொழிற்சாலைக்கு வந்து தொழிலாளர்களோடு நின்று கார் பூட்டியது நினைவிருக்கலாம். உள்நாட்டுப் பாகங்களின் பங்கை 50 சதவீதம் வரை உயர்த்துகிறோம் என்று அறிவித்த சந்தர்ப்பம் அது. எஞ்ஜினும் கியர்பாக்ஸும் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் பூட்டித் தர ஆரம்பித்தது. இருக்கை, அச்சு, ஒயரிங், சைலன்சர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பெனி பக்கத்தில் முளைத்தது.

● 2021 மார்ச்சில் அந்தத் தொழிற்சாலையிலிருந்து 'எம்340ஐ' வந்தது. இந்தியாவில் பூட்டிய முதல் 'எம்' பெர்ஃபார்மன்ஸ் கார். கூபே இல்லை, நான்கு கதவு சலூன். ஆனால் உள்ளே இருந்தது ஸ்போர்ட்ஸ் கூபேக்குரிய இதயம். 3 லிட்டர், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், டர்போ, 387 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100-ஐ எட்ட 4.4 விநாடி.

வரிசை ஆறுக்கு ஏன் இத்தனை மரியாதை? ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும் ஜோடி ஜோடியாக ஏறி இறங்கும். மூன்று ஜோடிகளும் சுற்றில் 120 டிகிரி தள்ளித் தள்ளி நிற்பதால் ஒன்றின் உலுக்கலை மற்றவை அழித்துவிடும். நான்கு சிலிண்டரில் மிச்சம் நிற்கும் நடுக்கம் இதில் இல்லை. ஒருமுறை அப்படிப்பட்ட எஞ்ஜின் ஓடும்போது பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு தெரிந்தது, ஓடுவது தெரியவில்லை.

● கத்திரி வெயில் எஞ்ஜினையும் வாட்டும். 20 டிகிரி காற்றைவிட 40 டிகிரிக் காற்று சுமார் 6 சதவீதம் அடர்த்தி குறைவு. காற்று மெலிந்தால் ஆக்சிஜன் குறையும், சக்தியும் குறையும். டர்போ போட்ட காரில் 'இன்டர்கூலர்' என்ற இரண்டாவது ரேடியேட்டர் இருப்பது, அழுத்தியதால் சூடேறிய காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பத்தான்.

● தாழ்ந்த மூக்குள்ள கூபேகள் சிலவற்றில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் முன்பக்கம் மட்டும் சில சென்டிமீட்டர் எழும்பும். சேலையூர், மேடவாக்கம் சாலைகளின் வேகத்தடைகளில் அந்தப் பட்டன் படும் பாடு அதை ஓட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

● நம்மவர்களே ஒரு ஸ்போர்ட்ஸ் கூபே செய்யவில்லையா? கை எட்டும் தூரம் வரை வந்தோம். 2017-ல் ஜெனீவா கண்காட்சியில் டாடா 'ரசமோ' என்ற இரண்டு இருக்கைக் கூபேயைக் காட்டியது. எஞ்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால். 1.2 லிட்டர் டர்போ, 190 குதிரைத்திறன். கண்காட்சியைத் தாண்டி ரோட்டுக்கு அது வரவே இல்லை. அது வராது என்ற செய்தியைப் படித்த அன்று வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

● மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ.வுக்குப் பக்கத்திலேயே 'மகிந்திரா ரிசர்ச் வேலி' இருக்கிறது. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான 'பி.இ.6' மின்சாரக் காரின் பொறியியலில் அதற்குப் பெரிய பங்கு. எஸ்.யு.வி. உயரம், கூபேயின் சரிந்த கூரை, பின்சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார், பெரிய பேட்டரி வகையில் 286 குதிரைத்திறன். பேட்டரி தரையோடு தரையாகப் படுத்திருப்பதால் எடையெல்லாம் கீழே இருக்கிறது. உயரமான கார் வளைவில் சாயாமல் நிற்க அது பெரிய துணை. டேடோனா கியர்பாக்ஸைப் பின்னால் தள்ளித் தேடிய சமநிலையை இவர்கள் தரைக்கடியில் தேடியிருக்கிறார்கள்.

● 1986-ல் இங்கிலாந்தில் ரோவர் எஸ்.டி.1 நின்ற பிறகும் வண்டலூரில் அதன் உடம்பு தயாராகிக்கொண்டிருந்தது. தொழிற்சாலை மூடியபோது பயன்படுத்தாத உதிரிபாகங்கள் ஏராளமாக மிஞ்சின. அவற்றை இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தை ஒட்டியுள்ள ரிம்மர் பிரதர்ஸ் என்ற உதிரிபாக வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். அங்கே பழைய ரோவரைப் புதுப்பிக்கிறவர்களுக்கு அது புதையலானது. வி8 எஞ்ஜின் வண்டலூருக்குக் கடைசிவரை வரவில்லை. வண்டலூர்ச் சரக்கு வி8 இருக்கிற இடம் தேடிப் போய்ச் சேர்ந்துவிட்டது.